பயம் வேறு, கூச்சம் வேறு: இரட்டைமலை சீனிவாசனை முன்வைத்து

கோயம்புத்தூர் கலாசாலையில் படித்த நாட்களைப் பற்றி இரட்டைமலை சீனிவாசன் அதிகம் எழுதி வைக்கவில்லை. நாலைந்து வாக்கியம், அவ்வளவுதான். ஏறக்குறைய நானூறு மாணவர்கள். அதில் பத்துப் பேரைத் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். யாரோடாவது சிநேகமானால் பேச்சு வாக்கில் சாதி, குடும்பம், குடியிருக்கும் இடம் எல்லாம் வெளியே வந்துவிடும். வந்துவிட்டால் கேவலமாக நடத்துவார்கள். அதனால் அந்தப் பையன் பள்ளிக்கு வெளியில் எங்கேயாவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பான். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவான். வகுப்பு விட்டதும், பின்னால் வருகிறவர்கள் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் வீட்டைப் பார்த்து நடப்பான்.

இதை அவர் எழுதியது 1939இல், 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்கிற சின்னப் புத்தகத்தில். அப்போது அவர் திவான் பகதூர். சட்டசபையில் உட்கார்ந்தவர். 1930லும் 31லும் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரோடு போய் வந்தவர். வயசு எண்பதை ஒட்டி. மணிக்குப் பயந்து வெளியில் நின்ற கதையை அவர் எழுதாமலே விட்டிருக்கலாம், கேட்பார் யாருமில்லை. எழுதினார். நம் மேடைகளில் அவர் லண்டன் போன கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எனக்கு அந்த மணிதான் பெரிய விசயமாகப் படுகிறது.

மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட முடியாத கொடுமையை நினைத்து மனம் கலங்கினதையும், இந்த நெருக்கடியை எப்படித் தாண்டுவது என்று எண்ணி எண்ணிப் பார்த்ததையும் அதே இடத்தில் சொல்கிறார். இந்த 'எண்ணிப் பார்த்தது' என்பதில்தான் ஒரு வரலாறு ஆரம்பிக்கிறது என்று நான் நினைக்கிறேன். பயப்படுகிறவன் பயத்துக்குள்ளேயே கிடப்பான். இந்தப் பையன் அதிலிருந்து ஒரு அடி தள்ளி நின்று, எனக்குள்ள ஓடுற நெனப்பு எது, இதை யாரு இங்க கொண்டாந்து வச்சது என்று பார்க்கத் தொடங்கினான்.

அப்படிப் பார்த்தால் பயத்துக்குள் ரெண்டு சரக்கு கலந்து கிடப்பது தெரியும். ஒன்று ஆபத்து. தெரிஞ்சா அடிப்பான், விரட்டுவான், தண்ணி தரமாட்டான். இது வெளியில் இருப்பது, நிசமானது. இன்னொன்று கூச்சம். தெரிஞ்சா நான் கேவலம். இது வெளியில் இல்லை. நம் மண்டைக்குள் குடிவைக்கப்பட்டது. ரெண்டையும் ஒன்றாகப் பிசைந்து வைத்திருப்பதில்தான் சாதியின் சாமர்த்தியம் இருக்கிறது. ஆபத்தைக் கண்டு ஒதுங்குகிறவன் தன்னை ஈனம் என்றும் சேர்த்தே நம்பிவிடுகிறான்.

திருப்போரூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது புத்தகம் படித்துத் தெரிய வேண்டிய சங்கதி இல்லை. கிருத்திகை அன்று கந்தசாமி கோயில் கூட்டத்தில் எங்கள் சனமும் மொட்டை போட்டு, சந்தனம் பூசிக்கொண்டு நிற்கும். பத்தாயிரம் மொட்டைத் தலைகளில் எது சேரித் தலை, எது ஊர்த்தலை என்று யாருக்குத் தெரியும்? அன்றைக்கு நைனா நெஞ்சை நிமிர்த்தி நடப்பார். பொழுது சாய்ந்து ஊருக்குத் திரும்பும்போது ஊர்த்தெரு முனையில் சைக்கிளை விட்டு இறங்குவார். செருப்பு கைக்கு வரும். துண்டு தோளிலிருந்து இடுப்புக்குப் போகும். யாரும் சொல்லமாட்டார்கள், தெருவில் ஒரு ஆள்கூட இருக்காது. இருட்டு. அந்த இருட்டுக்குத்தான் இறங்கினார். "ஆளே இல்லியே நைனா" என்றால், "நடடா பேசாம" என்பார். ஆயா மட்டும் வீட்டுக்கு வந்ததும், "தெருவுல இல்லாட்டி இன்னா, அவன் நம்ம தலைக்குள்ள திண்ணை போட்டு ஒக்காந்துகினு கீறான்" என்றது. இதைவிடத் தெளிவாக எந்தப் பேராசிரியரும் எனக்கு விளக்கவில்லை.

பள்ளியில் எனக்கு வேறு மாதிரி. ஸ்காலர்ஷிப் பாரம் வந்தால் வாத்தியார், "எஸ்.சி. பசங்கல்லாம் எந்திரிங்க" என்பார். அவர் கெட்ட மனுசன் இல்லை, கணக்கு எடுக்கிறார். எழுந்து நின்ற அந்த அரை நிமிசத்தில் எங்களை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அப்புறம் ஏன் முழங்கால் நடுங்கியது? ஆபத்து இல்லாத இடத்திலும் கூச்சம் தனியாக நின்று வேலை செய்யும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பயம் வெறும் மனசுதான், நினைப்பை மாற்று, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லும் சாமியார்கள் இருக்கிறார்கள், அதையே காசுக்கு வகுப்பு எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 ராத்திரி ஒரே குடிசைக்குள் எரிந்துபோன 44 பேரிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? 1997இல் ஊராட்சித் தலைவரானதற்காக மேலவளவு முருகேசனை வெட்டிக் கொன்றார்களே, அந்த அரிவாள் மனப்பிரமையா? நம் சனத்தின் பயத்தில் பாதி, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்த அறிவு. எந்தத் தெருவில் எந்த நேரத்தில் போகக்கூடாது என்கிற கணக்கு. அந்த அறிவை உதறு என்று சொல்கிறவன் அடி வாங்கப் போகிறவன் இல்லை. சீனிவாசன் அதை உதறவில்லை. அவர் கழற்றிப் போட்டது மற்ற பாதியை.

எப்படிக் கழற்றினார்? உடனே இல்லை. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளம்தான் அவர் பிறந்த ஊர். நம்ம செங்கல்பட்டுச் சீமை. சாதிக் கொடுமை தாங்காமல் குடும்பம் தஞ்சாவூருக்குப் போனது, அங்கிருந்து கோயம்புத்தூர். படிப்பு முடிந்து நீலகிரியில் வெள்ளைக்காரக் கம்பெனிகளில் கணக்கு எழுதினார். 1890இல் சென்னைக்கு வந்து, தன் மக்களின் பழைய வரலாற்றைத் தேடி அலைந்தார். நான் யார் என்று ஊரான் சொல்வதை நம்பாமல் தானே விசாரிப்பது என்ற முடிவுக்கு வந்துவிட்டவர் செய்கிற வேலை அது. அதன் பிறகு 1893 அக்டோபரில் ஒரு பத்திரிகை வந்தது. நாலு பக்கம், இரண்டணா, மாதம் ஒன்று. பெயர் 'பறையன்'.

கோயம்புத்தூரில் எந்தச் சொல் வெளியே வந்துவிடக் கூடாது என்று மணி அடிக்கும் வரை ஒளிந்திருந்தாரோ, அதே சொல்லை அச்சுக்கோத்துத் தெருவில் கூவி விற்கவிட்டார். அவர் கொடுக்கிற காரணம் சாதாரணமானது. பறையன் என்பவன் நான்தான் என்று ஒருவன் முன்னால் வந்து நிற்காத வரைக்கும் அவனுக்கு உரிமை எதுவும் கிடைக்காது, ஒளிந்துகொண்டே எதைக் கேட்பாய் என்கிறார். பேரை மறைத்துக்கொண்டு பிழைக்கலாம். பேரை மறைத்துக்கொண்டு மனுக் கொடுக்க முடியாது. முதல் இதழின் நானூறு பிரதியும் இரண்டே நாளில் விற்றுத் தீர்ந்ததாம். சில மாதங்களிலேயே வாரப் பத்திரிகை ஆனது.

அந்த வருசக் கடைசியில் நடந்தது இன்னும் முக்கியம். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. இங்கே நடத்தினால் மேல்சாதிதான் கலெக்டராக வந்து உட்காரும், நம்மை நசுக்கும் என்று பறையர் மகாஜன சபை எதிர்த்தது. 3412 பேர் கையெழுத்துப் போட்ட, 112 அடி நீளமுள்ள மனு லண்டன் பார்லிமெண்டுக்குப் போனது. அதன் அரசியல் சரியா தப்பா என்று தேசியவாதிகள் ஒரு நூற்றாண்டாகப் பேசுகிறார்கள், பேசட்டும். நான் அந்த 112 அடியைத்தான் பார்க்கிறேன். அதில் ஒவ்வொரு கையெழுத்துக்குப் பின்னாலும் ஒரு ஆள், 'இது நான்தான்' என்று காகிதத்தில் சொல்லியிருக்கிறார். சமையல்காரரோ கூலியோ யாராக இருந்தாலும், அன்று ராத்திரி வீட்டுக்குப் போய்ப் படுக்கும்போது கொஞ்சம் நடுங்கித்தான் இருப்பார். நடுக்கத்தோடுதான் போட்டார். 1896இல் பத்திரிகையில் வந்த ஒரு கடிதத்துக்காக வழக்குப் போட்டு சீனிவாசனுக்கு நூறு ரூபாய் அபராதம் விதித்தார்கள். பத்திரிகை நிற்கவில்லை, 1900 வரைக்கும் வந்தது.

இதே காலத்தில், இதே கூச்சத்தை வேறு வழியில் எதிர்கொண்டவர் அவருடைய மைத்துனர் அயோத்திதாசப் பண்டிதர். சீனிவாசனின் தங்கையைக் கட்டியவர். அவருக்கு 'பறையன்' என்ற பெயரே ஆகாது. அது எதிரி வைத்த பெயர், அதை நாம் எதுக்குச் சுமக்கணும் என்பது அவர் கட்சி. சாதிபேதமற்ற திராவிடர், பூர்வத் தமிழர் என்று எழுதச் சொன்னார். 1898இல் சாக்கிய பௌத்த சங்கம். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்'. அதில் அவர் எழுதிய இந்திரர் தேச சரித்திரத்தில், ஐம்பொறிகளையும் வென்றதால் புத்தர் ஐந்திரர் ஆனார், அதுவே இந்திரர் என்று திரிந்தது, அவருடைய நாடுதான் இந்தியம் என்று நாட்டின் பெயருக்கே விளக்கம் கொடுத்தார். மொழியியல்காரர்கள் சிரிக்கலாம். சிரிப்பதற்கு முன்னால் அந்தத் துணிச்சலைப் பார்க்கணும். தன் மனசைத் தானே ஆண்டவன் ஒருவன் பெயரால்தான் இந்த நாடே வழங்குகிறது, அவன் வழியில் வந்தவர்கள் நாங்கள் என்று, மாரிக்குப்பத்துத் தங்கச் சுரங்கத்தில் இறங்குகிற கூலிக்கும் ரங்கூனில் உழைக்கிறவனுக்கும் வாராவாரம் சொல்லிக்கொண்டிருந்தார். நீ கேவலம் என்று தலைக்குள் உட்கார்ந்திருந்தவனின் திண்ணையை அவர் இடித்தது இப்படி.

மைத்துனர்கள் ரெண்டு பேரும் ஒத்துப்போகவில்லை. இன்றைக்கும் நம் கூட்டங்களில் இவர் சரியா அவர் சரியா என்று டீ ஆறிப்போகிற வரை சண்டை நடக்கிறது. ஒருவர் இழிவாக்கப்பட்ட பெயரைக் கையில் எடுத்து அதன் விஷத்தை முறித்தார். இன்னொருவர் அந்தப் பெயரைத் தூக்கி எறிந்துவிட்டுப் பழைய பெயரைத் தோண்டி எடுத்தார். எனக்குச் சீனிவாசன் பக்கம்தான் சாய்வு, ஸ்காலர்ஷிப் பாரத்துக்கு எழுந்து நின்றவன் என்பதால் இருக்கலாம். 1935இல் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அம்பேத்கர் அறிவித்தபோது சீனிவாசன் சொன்ன பதிலும் இதே தினுசுதான். நாம் வருணத்துக்கு வெளியே இருப்பவர்கள், உள்ளேயே இல்லாதவன் எதிலிருந்து வெளியேறுவது என்றார். அந்த வாதத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை. 1956 அக்டோபர் 14 நாகபுரியில் லட்சக்கணக்கான பேர் ஒரே நாளில் நிமிர்ந்ததைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. ஆனாலும் அடுத்தவன் போட்ட கோட்டுக்குள் தன்னை வைத்து யோசிக்கவே மறுக்கிற அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.

தென்னாப்பிரிக்காவில் பல வருசம் இருந்துவிட்டு 1921இல் திரும்பி வந்தார். 1923இல் சட்டசபைக்குப் போனார். 1924இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுத் தெரு, பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம் எதிலும் எந்தச் சாதியானும் போகலாம் வரலாம் என்று அந்த வருசம் செப்டம்பரில் அரசாணையும் வந்தது. எங்கள் நைனா சைக்கிளை விட்டு இறங்கியது அதற்கு ஐம்பது வருசத்துக்கும் பின்னால். சட்டம் தெருவைத் திறந்துவிட்டது. கால் அதில் நடக்கணுமே. அந்தக் காலுக்கு எந்த அரசாணையும் இல்லை.

இன்றைக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் நாலாபுறமும் கண்ணாடிக் கட்டடம். சிறுசேரியில் எங்கள் பிள்ளைகளும் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். "எந்த ஊர்ப்பா?" "திருப்போரூர்." "திருப்போரூர்ல எங்க?" அந்த ரெண்டாவது கேள்வி வரும்போது எழுந்து டீ எடுக்கப் போய்விடுவான் எனக்குத் தெரிந்த ஒரு பையன். மதியச் சாப்பாட்டையும் ஒன்றரை மணிக்குத் தள்ளி, மற்றவர்கள் எழுந்த பிறகு சாப்பிடுகிறான். கோயம்புத்தூர் மணிக்கும் இதற்கும் நடுவில் ஏறக்குறைய நூற்றைம்பது வருசம். அவனைக் கோழை என்று நான் சொல்லமாட்டேன். வீட்டு வாடகையும் பதவி உயர்வும் அந்த ரெண்டாவது கேள்வியில் தொங்குவது அவனுக்குத் தெரியும். ஆபத்து அங்கேயும் இருக்கிறது. அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிற கூச்சத்தை மட்டுமாவது பிரித்துப் போட்டால் சாப்பாடு தொண்டையில் இறங்கும்.

சீனிவாசன் 'பறையன்' நடத்த ஆரம்பித்ததற்கு இரண்டு வருசம் முன்னால், 1891இல், செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் எங்கள் சீமைப் பறையர்களின் நிலைமையைப் பற்றி அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூட மிராசுதாரன் கையில் இருந்ததையும், சேரி ஆள் நிலத்துக்கு மனுப் போட்டால் எப்படியெல்லாம் மறித்தார்கள் என்பதையும் அதில் எழுதினார். அதன் பேரில் 1892இல் வந்ததுதான் பஞ்சமி நிலம். பத்து வருசத்துக்கு யாருக்கும் விற்கக்கூடாது, அப்புறம் விற்றாலும் நம்மவர்களுக்குத்தான். சனங்க வாயில் அது டி.சி. நிலம். கொடுத்தது காகிதத்தில் நின்றது. நிலம் கைமாறிப் போனது. போனது எப்படி என்று கேட்கவும் கூச்சப்பட்டுக் கிடந்தோம். கேட்டா ஆண்டை கோவிச்சுக்குவாரு.

1994இல் இதே செங்கல்பட்டு மாவட்டத்துக் காரணையில் சனங்கள் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடினார்கள். நிலத்தில் அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். போலீஸ் சிலையைப் பெயர்த்தது. அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் செத்தார்கள்.

அந்த வாரம் எங்கள் காலனியில் ராத்திரி விளக்கு போடவில்லை. நாய் குரைத்தால் பெண்கள் பிள்ளைகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்கள். பயம் என்றால் அப்படி ஒரு பயம். அந்த இருட்டில் பத்துப் பேர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் காது கொடுத்துக் கேட்டேன். நமக்கெதுக்கு வம்பு என்று ஒருத்தர்கூடப் பேசவில்லை. ஏரிக்கரைக் கழனி என்ன சர்வே நம்பர் என்றுதான் பேச்சு. "தாத்தா பேர்ல பட்டா இருந்துச்சாமே" என்றார் ஒருத்தர். "எது, மேட்டுக்கழனியா?" என்றார் இன்னொருத்தர். நைனா உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, தீக்குச்சியைக் கிழித்துக் கிழித்துப் பழைய காகிதங்களைத் தேடினார். ஐப்பசி பிறந்ததும் நாலு பேர் சேர்ந்து ஏ-ரிஜிஸ்டர் நகல் கேட்டு செங்கல்பட்டு தாலுகா ஆபீசுக்குப் போனார்கள். மனுவில் முதல் கையெழுத்து நைனாவோடது.