பெற்றோர் இல்லாப் பிள்ளையும் வைத்தியமும் – ஒரு வரலாற்றுப் பார்வை

வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம் எங்களுடையது. சிறு வயதில் பாட்டி விரலை மடக்கி நான்கு தானங்களைச் சொல்லித் தருவார்: உணவு, மருந்து, கல்வி, அபயம். முதல் மூன்றும் உடனே விளங்கிவிட்டன. நான்காவதுதான் விளங்கவில்லை. "பயப்படாதேன்னு சொல்றதும் ஒரு தானமா பாட்டி?" என்று கேட்பேன். "அதுதான்டா பெரிசு" என்பார். அவர் சொன்னது எனக்குப் புரிய ஐம்பது வயதாக வேண்டியிருந்தது.

2011ஆம் ஆண்டு. மும்பையில் என் பாத்திரக் கடையிலிருந்து ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு வருடா வருடம் தட்டு, டம்ளர் கொடுப்பது வழக்கம். அங்கே நாலு வயசுப் பெண் குழந்தை ஒன்றுக்கு இதயத்தில் ஓட்டை என்றார்கள். நண்பர்கள் சிலர் சேர்ந்து ஆபரேஷனுக்குப் பணம் திரட்டினோம். குறித்த நாளில் நானும் மருத்துவமனைக்குப் போனேன். ஒரு தாளை நீட்டினார்கள். அடியில் 'தாய் / தந்தை / காப்பாளர் கையெழுத்து' என்று ஒரு கோடு. இல்லத்தின் பொறுப்பாளர் அன்று ஊரில் இல்லை. கூட வந்த ஆயா, "எனக்கு அதிகாரம் இல்லை சேட்" என்று ஒதுங்கிக்கொண்டார். நானோ பாத்திரக்காரன், எனக்கு என்ன உரிமை? பையில் பணம் இருந்தது, கையெழுத்துப் போட ஆள் இல்லை. குழந்தையைத் திருப்பி அழைத்து வந்தோம். பிறகு அதற்குச் சளிக் காய்ச்சல் கண்டு, தேதி மேலும் தள்ளிப்போய், மூன்று மாதம் கழித்துத்தான் ஆபரேஷன் நடந்தது.

அந்தக் கோடு என்னைத் தூங்கவிடவில்லை. பெற்றோர் இல்லாத குழந்தைக்கு நோய் வந்தால் உலகம் இதுவரை என்ன செய்திருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். நான் கல்லூரி வாசல் மிதிக்காதவன். கடையை மூடிய பின் படித்ததை வைத்துச் சொல்கிறேன், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

லண்டனில் ஒரு கப்பல்காரர்

தாமஸ் கோரம் என்பவர் கப்பல் கட்டும் தொழிலிலும் கடல் வாணிகத்திலும் வாழ்ந்தவர். வயதான காலத்தில், லண்டன் தெருவோரங்களில் வீசப்பட்டுக் கிடந்த சிசுக்களைக் கண்டு மனம் பொறுக்காமல் பிரபுக்களின் வீடுகளுக்கு நடையாய் நடந்தார். ஏறக்குறைய 17 ஆண்டுகள் அலைந்த பிறகு, 1739இல் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் சாசனம் கொடுத்தார். கண்டெடுத்த குழந்தைகளுக்கான அந்த இல்லம் 1741 மார்ச் 25 இரவு திறக்கப்பட்டது. முதல் இரவிலேயே 30 குழந்தைகள். ஒரு வியாபாரி தொடங்கி வைத்த காரியம் இது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வாசலில் தாய்மார்கள் கூட்டம் தாங்கவில்லை. 1742இல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். பைக்குள் வெள்ளை, சிவப்பு, கறுப்பு உருண்டைகள். தாய் கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும். கறுப்பு வந்தால் குழந்தையோடு திரும்பிப் போக வேண்டியதுதான். வெள்ளை வந்தால் குழந்தையை உடனே பரிசோதிப்பார்கள். தொற்று நோய் இருந்தால் அதற்கும் இடமில்லை. அப்படித் தள்ளப்பட்ட குழந்தையின் இடத்துக்காகச் சிவப்பு உருண்டை எடுத்தவள் ஓரமாகக் காத்து நிற்பாள். யோசித்துப் பாருங்கள்! ஆதரவே இல்லாத குழந்தைக்கென்று கட்டிய வீடு. அதில் நோயுள்ள குழந்தைக்குக் கதவு இல்லை. மற்ற குழந்தைகளுக்கு நோய் பரவுமே என்ற அச்சம் அவர்களுக்கு. நியாயம்தான். ஆனாலும் மிகவும் தேவைப்பட்டவனே வெளியே நின்றான்.

உள்ளே போன பிள்ளைகளை நல்ல வைத்தியர்கள் பார்த்தார்கள். ரிச்சர்டு மீட் போன்ற அக்காலத்தின் பெரிய மருத்துவர்கள் துணை நின்றார்கள். வில்லியம் கடோகன் என்ற மருத்துவர் 1748இல் குழந்தை வளர்ப்பு பற்றி ஒரு சிறு நூல் எழுதி வெளியிட்டார். குழந்தையைத் துணியால் இறுக்கிச் சுற்றாதே, தாய்ப்பால் கொடு என்பவை அவர் சொன்னவற்றில் முக்கியமானவை. நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த சங்கதிதான். கைக்குழந்தைகளைக் கிராமத்துச் செவிலித் தாய்களிடம் அனுப்பிப் பாலூட்டி வளர்க்க வைத்தார்கள்.

பிறகு 1756இல் பாராளுமன்றம் பணம் கொடுத்து, வரும் குழந்தைகள் எல்லோரையும் சேர்த்துக்கொள் என்றது. 1760க்குள் 15,000க்குச் சற்றே குறைவான குழந்தைகள் வந்து சேர்ந்தன. அத்தனை பேருக்குச் செவிலித் தாய்க்கு எங்கே போவது? மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இறந்துபோயின. பணம் இருந்தது, கட்டடம் இருந்தது, மருந்தும் இருந்தது. மார்போடு அணைக்கும் ஆட்கள் போதவில்லை.

மருந்தைச் சுமந்த பிள்ளைகள்

பெரியம்மை உலகத்தையே ஆட்டிவைத்த காலம் அது. அம்மைச் சீழைச் சிறிதளவு எடுத்து, தோலைக் கீறி வைத்து, லேசாக நோயை வரவழைத்துப் பெரிய நோயைத் தடுக்கும் முறை வழக்கத்தில் இருந்தது. அந்த லண்டன் இல்லத்திலும் பிள்ளைகளுக்கு இதைச் செய்துவந்தார்கள். 1767இல் அங்கே மருத்துவராயிருந்த வில்லியம் வாட்சன் ஒரு சோதனை செய்தார். 31 பிள்ளைகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பாதரச மருந்தும், ஒரு பிரிவுக்கு லேசான பேதி மருந்தும் கொடுத்தார். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. யாருக்கு எத்தனை கொப்புளம் என்று எண்ணிப் பார்த்தார். பாதரசத்தால் தனிப் பயன் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்கும் மருத்துவச் சோதனைகளின் சரித்திரத்தில் இதற்கு இடம் உண்டு.

ஆனால் ஏன் இந்தப் பிள்ளைகள்? ஒரே சோறு, ஒரே படுக்கை, ஒரே வயது என்பதால் ஒப்பிடுவது சுலபம் என்பது ஒரு காரணம். இன்னொன்றையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம். "என் பிள்ளைக்கு ஏன்?" என்று கேட்க வாசலில் ஒரு தாய் இல்லை.

1796இல் எட்வர்டு ஜென்னர் மாட்டம்மையைக் கொண்டு பாதுகாப்பான வழியைக் கண்டார். அந்த அம்மைப்பாலைத் தொலைதூரம் கொண்டு போவது பெரும்பாடு, வழியில் வீரியம் போய்விடும். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றி மாற்றிக் கொண்டு போக வேண்டியிருந்தது. நம் நாட்டில் முதலில் இந்த அம்மை குத்தப்பட்டது 1802 ஜூன் 14 அன்று, நாம் வாழும் இதே பம்பாயில், அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு. அந்தக் குழந்தையின் கையிலிருந்து தொடங்கித்தான் நாட்டின் பிற ஊர்களுக்கு அது பரவியது.

அடுத்த ஆண்டே ஸ்பெயின் அரசர் தம் அமெரிக்கக் குடியேற்ற நாடுகளுக்கு இதை அனுப்பினார். தலைவர் பிரான்சிஸ்கோ பால்மிஸ் என்ற மருத்துவர். 1803 நவம்பர் 30 அன்று லா கொருன்யா துறைமுகத்திலிருந்து மரியா பீட்டா என்ற கப்பல் புறப்பட்டது. அதில் 22 சிறு பையன்கள். ஏறக்குறைய எல்லோருமே யாருமற்றவர்கள். பத்து நாளுக்கு ஒருமுறை போல இரண்டு இரண்டு பேருக்குக் குத்தி, அம்மைப்பாலை உயிரோடு கடல் கடத்தினார்கள். பெற்றோர் இருந்தால் அனுப்புவார்களா? லட்சக்கணக்கான உயிர்கள் பிழைத்தது உண்மை. பிள்ளைகளைப் பராமரித்துப் படிக்கவைப்பதாக அரசர் வாக்குக் கொடுத்ததும் உண்மை. வியாபாரக் கணக்காகப் பார்த்தால் லாபம்தான். ஆனால் முதலீடு யாருடையது?

அந்தக் கப்பலில் ஒரு பெண்மணி இருந்தார், இசபெல் சென்டால். லா கொருன்யா அநாதை இல்லத்தின் பொறுப்பாளர். தம் சொந்த மகனையும் அந்த 22 பேரில் ஒருவனாகச் சேர்த்துக்கொண்டு, பிள்ளைகளுக்குக் கடல் முழுக்கத் தாயாய் இருந்தார். மருந்து கொண்டு போனவர் பால்மிஸ். அபயம் கொண்டு போனவர் இந்த அம்மாள்.

சுத்தமான தொட்டில், வாடும் குழந்தை

கிருமிகளைப் பற்றித் தெரிந்த பின் நிலைமை மாறியிருக்கும் என்றுதானே நினைப்போம்? 1915இல் ஹென்றி சாப்பின் என்ற அமெரிக்க மருத்துவர் 10 சிசு இல்லங்களைப் பற்றி எழுதினார். ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் 2 வயதுக்குட்பட்ட குழந்தைகள் அத்தனை பேரும் இறந்திருந்தார்கள். சிசுக்களை இல்லத்தில் அடைக்காதீர்கள், குடும்பங்களில் வளருங்கள் என்று அவர் வற்புறுத்தினார்.

1940களில் ரெனே ஸ்பிட்ஸ் என்பவர் இரண்டு இடங்களை ஒப்பிட்டார். ஒன்று, சிறையில் இருந்த பெண்கள் தங்கள் குழந்தைகளைத் தாங்களே கவனித்துக்கொண்ட இடம். மற்றொன்று, நல்ல உணவும் மருத்துவமும் சுத்தமும் உள்ள, ஆனால் ஒரு தாதி எட்டுப் பேரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய அநாதை இல்லம். இரண்டு ஆண்டுகளில் அந்த இல்லத்தின் 91 குழந்தைகளில் 34 பேர் இறந்தார்கள். சிறையில் இருந்தவற்றில் ஒன்றுகூடச் சாகவில்லை. குற்றவாளி என்று ஊர் ஒதுக்கிய தாயின் மடி, வெள்ளைத் துணி விரித்த தொட்டிலைவிட நல்ல மருந்தாக இருந்திருக்கிறது!

நம் நாட்டில் அந்தக் கோடு

இனி நான் பார்த்த அந்தக் கோட்டுக்கு வருவோம். 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே, 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காகக் காப்பாளரோ, 'சட்டப்படி பொறுப்பில் வைத்திருக்கும் வேறொருவரோ' சம்மதம் தரலாம் என்று வழி இருந்தது. கேட்க ஆள் இல்லாத அவசரத்தில் நல்லெண்ணத்தோடு சிகிச்சை செய்யும் மருத்துவருக்கும் பாதுகாப்பு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இவை உண்டு. 2011இல் நடப்பில் இருந்த, 2000ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டமும், யார் பொறுப்பில் குழந்தை ஒப்படைக்கப்படுகிறதோ அவருக்குப் பெற்றோருக்குள்ள அதிகாரத்தைக் கொடுத்தது. ஆக, அன்றைக்குச் சட்டத்தில் கையெழுத்துக்கு இடம் இருந்தது. பொறுப்பாளர் இல்லாத நாளில் யார் போடுவது என்று இல்லத்தில் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். ஆயாவைத் தடுத்தது பயம். என்னையும்தான்.

இப்போது இருப்பது 2015ஆம் ஆண்டின் சட்டம். ஆதரவற்ற குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டு போக வேண்டும். நீண்ட நாள் சிகிச்சை தேவைப்பட்டால், தகுந்த இடத்துக்கு அனுப்பக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. பணத்துக்கும் சில வழிகள் பிறந்திருக்கின்றன. கோவிடில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக 2021இல் வந்த திட்டத்தில், 18 வயது வரை 5 லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீடு சேர்க்கப்பட்டது.

என் மனதைத் தொட்டது வேறொரு சட்டம். எச்.ஐ.வி. நம் நாட்டில் இருப்பது முதலில் 1986இல் சென்னையில் தெரியவந்தது. அது அம்மா அப்பா இருவரையும் கொண்டுபோன வீடுகள் எத்தனையோ. 2006இல் குழந்தைகளுக்கான மருந்துத் திட்டம் வந்தது. ஆனால் மாத்திரை வாங்கப் போகும் பிள்ளைக்குக் காப்பாளர் யார்? 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் ஒரு பதில் சொன்னது. அப்படிப்பட்ட குடும்பத்தை நடத்திவரும், பக்குவம் உள்ள, 12 வயது நிரம்பிய அண்ணனோ அக்காளோ தம்பி தங்கைகளின் சிகிச்சைக்குக் காப்பாளராக இருக்கலாம்! பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையெழுத்தைச் சட்டம் ஏற்கிறது. நாம் ஐம்பது வயதில் தயங்குகிறோம்.

நாம் செய்யக்கூடியது

அந்த ஆபரேஷன் முடிந்தபின் நடந்ததையும் சொல்லி முடிக்கிறேன். வார்டில் நர்ஸ், "சார், பணம் கட்டியாச்சு. ராத்திரி கூட இருக்க ஆள் எங்கே?" என்றார். நம் சங்கத்துத் திருநெல்வேலி அக்கா ஒருவர் எட்டு ராத்திரி அங்கே இருந்தார். குழந்தைக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்கு மராட்டி அரைகுறை. இரண்டாம் நாளே 'மாவ்ஷி' என்று அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. அவர் ஊட்டினால்தான் சாப்பிடும், அவர் கையைப் பிடித்தால்தான் ஊசிக்கு அழாது. ஸ்பிட்ஸைப் பற்றி அந்த அக்காவுக்கு எதுவும் தெரியாது. அந்தக் குழந்தை இன்று கல்லூரிக்குப் போகிறது.

ஆகவே அன்பர்களுக்கு என் விண்ணப்பம். நாம் இல்லங்களுக்குச் சோறு போடுகிறோம், துணி கொடுக்கிறோம், பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிறோம். நல்லது. அடுத்த முறை போகும்போது இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். நோயுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் குழுவின் உத்தரவு நகலும், பொறுப்பாளர் இல்லாதபோது யார் கையெழுத்து என்பதும் கோப்பில் இருக்கிறதா? ஆஸ்பத்திரியில் சேர்த்தால் ராத்திரி கூட இருக்க ஆள் உண்டா? இரண்டாவது கேள்விக்கு நம் சங்கமே ஒரு பெயர்ப் பட்டியலாகப் பதில் தரலாம். முதல் பெயராக என்னுடையதை எழுதிக்கொள்ளுங்கள்.

பாட்டி சொன்ன நான்கில் மருந்தும் அபயமும் தனித்தனி தானங்கள். பெற்றோர் உள்ள பிள்ளைக்கு அபயம் வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது, மருந்து மட்டும் வாங்கினால் போதும். யாருமற்ற பிள்ளைக்கு இரண்டையும் ஒரே கையால் கொடுத்தால்தான் மருந்து வேலை செய்யும்.