மருத்துவபீட வாசல்

கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல் தொடங்கியது. பெண்களைச் சேர்த்தது 1892இல்தான். அதற்கு முன்பே மானிப்பாயில் வைத்தியர் கிறீன் தமிழில் மேலை மருத்துவம் கற்பித்தார். அங்கு பயின்றோரும் ஆண்களே.

1970களில் தரப்படுத்தல் வந்தது. கூடிய புள்ளி பெற்றும் எங்களிற் பலர் வாசலிலேயே நின்றோம். 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் ஆரம்பமானது. 1990இன் பின் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் திரியிட்டு, மண்ணெண்ணெயைத் துளித்துளியாய்ச் சிக்கனம் பிடித்து, எங்கள் தங்கைமார் உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும் படித்தார்கள்.

இம்மலரில் வைத்தியர்களான பழைய மாணவிகளின் பட்டியல் உண்டு. இடம் கிடைக்காமல் விஞ்ஞான ஆசிரியைகளாகி, அவர்களை உருவாக்கிவிட்ட எங்கள் வகுப்புத் தோழியரின் பெயர்களையும் அதே பக்கத்தில் சேர்த்திருக்கிறோம்.