கேட்டவரும் கேட்கப்பட்டவரும்: மாணவர் ஆராய்ச்சியின் வரலாற்றில் நம் இடம்

நமது சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென நண்பர்கள் கேட்டனர். பள்ளிகள் வந்த வரலாற்றையும் விடுதிகள் வந்த வரலாற்றையும் இம்மலரின் பிற பக்கங்கள் கூறும். யான் எடுத்துக்கொண்டது பல்கலைக்கழக மாணவர்தம் ஆராய்ச்சி பற்றிய வரலாறு. இதற்குக் காரணம் உண்டு. நம் தெருப் பிள்ளைகள் இன்று காரைக்குடியிலும் மதுரையிலும் முதுகலை பயின்று ஆய்வேடு எழுதும் நிலைக்கு வந்துள்ளனர். அவர்களுட் சிலர், "ஐயா, தலைப்பு ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டு என்னிடம் வருவதுண்டு. அவர்களுக்குச் சொன்னவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக 1915இன் இறுதியில் வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கிலேயர். நூலைப் புரட்டிப் பொருளியல் கற்றால் போதாது என்று கருதிய அவர், 1916இல் தம் மாணவர் கையில் நீண்ட வினாநிரல் ஒன்றைக் கொடுத்து, அவரவர் அறிந்த சிற்றூருக்கு அனுப்பினார். நிலம் யாரிடம் உள்ளது, என்ன விளைகிறது, எவ்வளவு கடன், என்ன கூலி என்று கேட்டு எழுதி வரவேண்டும். அவ்வாறு தொகுக்கப்பட்ட நூல் 1918இல் வெளிவந்தது. அதில் இடம்பெற்ற ஊர்களுள் ஒன்று வடமலைபுரம். இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் அவ்வூர் அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. நமது சிவகங்கைச் சீமையும் அதே மாவட்டத்தில்தான் அடங்கியிருந்தது. மற்றோர் ஊராகிய இருவேல்பட்டு, தென்னார்க்காட்டைச் சேர்ந்தது. அங்குப் படியாட்கள் எவ்வாறு திருமணத்துக்கு வாங்கிய கடனால் தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தனர் என்பதை அம்மாணவர் தொகுப்பு பதிவு செய்தது. 1930களில் பேராசிரியர் பி. ஜே. தாமசும் கே. சி. இராமகிருஷ்ணனும் இவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்தனர். இருவேல்பட்டுக்கு 1980களிலும், பின்னர் 2008இலும் ஆய்வாளர் சென்றுள்ளனர். மாணவர் சிலர் விடுமுறையில் எழுதிய குறிப்பு, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் மாற்றத்தை அளக்கும் அளவுகோலாயிற்று. ஆய்வேடு என்றால் பட்டத்துக்காகக் கட்டி அலமாரியில் வைப்பது என்று எண்ணும் தம்பிமார் இதனை நினைவிற் கொள்க.

ஆயினும் ஓர் ஐயம் எனக்கு எழாமல் இல்லை. அன்று பல்கலைக்கழகம் புகுந்தவர் பெரும்பாலும் நிலமும் வசதியும் உடைய வீட்டுப் பிள்ளைகள். படியாளைப் பற்றி எழுதியவர் படியாளின் குடிசை வாயிலில் அமர்ந்தா கேட்டிருப்பார்? யான் பள்ளியில் பயின்ற நாளில் ஒரு கல்லூரி மாணவர் எங்கள் ஊருக்கு வினாத்தாளுடன் வந்தார். ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, எங்கள் தெருவில் எத்தனை வீடு, என்ன கூலி என்று அவரையே கேட்டு எழுதிக்கொண்டார். என் தகப்பனார் வாசலுக்கு வெளியே கைகட்டி நின்றுகொண்டிருந்தார். கூலி வாங்கியவர் அங்கேயே நிற்க, கூலி கொடுத்தவர் சொன்ன தொகையே ஏட்டில் ஏறியது. வீட்டுக்கு வந்தபின், "அரைப்படி கூட்டிச் சொல்லிட்டாரு" என்று தகப்பனார் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

ஸ்லேட்டரின் மாணவர்கள் ஊர் ஊராகச் சென்ற அதே 1916இல், கடலுக்கு அப்பால் நியூயார்க்கில் வேறொரு மாணவர் ஆராய்ச்சி நிகழ்ந்தது. பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்றுக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த அண்ணல் அம்பேத்கர், பேராசிரியர் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் மே 9ஆம் நாள் இந்தியாவின் சாதிகள் பற்றிய தம் கட்டுரையைப் படித்தார். அப்போது அவருக்கு வயது 25. ரிஸ்லி, நெஸ்பீல்டு, செனார்ட் முதலிய பேரறிஞர்தம் விளக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து, அகமணமே சாதியின் உயிர்நிலை என்று நிறுவினார். அதுவரை பிறரால் அளக்கப்பட்டும் வகுக்கப்பட்டும் வந்த சமூகத்திலிருந்து ஒருவர் எழுந்து, அளந்தவர்களின் கோலையே சோதித்தார்.

அண்ணல் ஒரு துறையில் நின்றுவிடவில்லை என்பதையும் கருதுக. முதுகலைக்குப் பண்டைய இந்திய வாணிகம். கொலம்பியாவில் முனைவர் பட்டத்துக்கு மாகாண நிதியின் வளர்ச்சி. இலண்டன் பொருளியற் பள்ளியில் 1923இல் அறிவியல் முனைவர் பட்டத்துக்கு ரூபாயின் சிக்கல். இடையே கிரேஸ் இன்னில் சட்டம். ரூபாய் பற்றிய அவ்வாய்வேட்டை முதலில் தேர்வாளர் அப்படியே ஏற்கவில்லை; திருத்தித் தரும்படி திருப்பினர். நூலாக வெளிவந்தபோது அதற்கு முன்னுரை எழுதிய பேராசிரியர் எட்வின் கேனன், ஆசிரியரின் முடிவுகள் பலவற்றோடு தாம் உடன்படவில்லை என்பதை அம்முன்னுரையிலேயே கூறினார். நெறியாளர் ஒருமுறை திருத்தக் கொடுத்தாலே மனம் உடைந்து, "ஐயா, இது எனக்கு வராது" என்று வரும் தம்பிகளுக்கு இதனை நான் அடிக்கடி சொல்வதுண்டு. தீண்டாமை பற்றி மட்டுமே நம்மவர் ஆராய வேண்டும் என்று எண்ணுவோர் நம்மிலும் உளர், வெளியிலும் உளர். நாணயமும் நிதியும் நம்மவர் ஆராயத் தக்கனவே என்பதற்கு அண்ணலின் மூன்று ஆய்வேடுகள் சான்று.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1931ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்து, பின்னர்க் கேம்பிரிட்ஜில் மானிடவியல் பேராசிரியரான ஜே. எச். ஹட்டன், 1946இல் வெளியிட்ட இந்தியச் சாதிகள் பற்றிய நூலில் நம் பகுதியைக் குறித்து எழுதியுள்ளார். 1930 திசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் தாழ்த்தப்பட்ட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன், வெள்ளி நகை கூடாது, ஆடவர் சட்டை அணியலாகாது, கிராப்பு வெட்டலாகாது, மண்பாண்டமன்றிப் பிற கலம் ஆகாது, பெண்டிர் மேலாடை அணியலாகாது, பூச்சூடலாகாது, குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. 1931 சூனில் மீண்டும் கூடிப் பதினொரு தடைகள் விதித்தனர். அவற்றுள் ஒன்று, நம் பிள்ளைகள் எழுத்தறியக் கூடாது, மாடு மேய்த்தலே அவர்தம் தொழில் என்பது. நாட்கூலி ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா என்றும் அதில் வரையறுத்தனர்.

இத்தடை பிறந்து 16 ஆண்டுகளில், 1947இல், வள்ளல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கலைக்கல்லூரி தொடங்கினார். அவர் வழங்கிய 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொண்டு மைய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953 பொங்கல் நாளில் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். 1985இல் சிவகங்கைச் சீமை தனி மாவட்டமாயிற்று. அதே ஆண்டில் அழகப்பா பல்கலைக்கழகமும் தோன்றிற்று. மாடு மேய்க்கப் பணிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நடந்து சென்று சேரும் தொலைவில் ஒரு பல்கலைக்கழகம் வந்துவிட்டது. சேர்ந்தபின் எதை ஆராய்வது என்பதே கேள்வி.

வேதியியல் பயிலும் தங்கை நம் தெருக் கிணற்று நீரையும் ஊருணி நீரையும் குப்பியில் எடுத்துச் சென்று சோதிக்கலாம். எந்தத் துறையில் யார் இறங்கலாம் என்று தடை இருந்த நாட்டில் இது வெறும் வேதியியலாக நின்றுவிடாது. பொருளியல் பயில்வோருக்கு ஒன்று சொல்வேன். செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் வெண்சாந்துப் பூச்சையும் புகழ்ந்து எழுதியவர் பலர். அவ்வீடுகளுக்கு மண்ணும் சுண்ணாம்பும் சுமந்தவர் பெற்ற கூலியை எழுதியவரை யான் கண்டதில்லை. நகரத்தார் கணக்கெழுதுவதில் வல்லவர். காலணாச் செலவையும் பேரேட்டில் ஏற்றுவர். அப்பேரேடுகளுள் எஞ்சியவற்றை முறையாக வேண்டிப் பெற்றுப் படித்தால் நம் பாட்டன்மாரின் கூலி அங்கே கிடைக்கக்கூடும். பழைய ஏடு, துண்டறிக்கை, செய்தித்தாள் தேடுவோர் சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குச் செல்க. அது நம் பக்கத்துக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ஒருவர் தம் கைப்பொருளைச் செலவிட்டுச் சேர்த்த செல்வம். 1992இல் அவர் மறைந்தபின், 1994இல் சென்னை சென்றது.

தொல்லியல் பயில்வோருக்குக் கீழடி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2014இல் அங்கு அகழாய்வு தொடங்கியது. ஆதன் முதலிய பெயர்கள் கீறிய பானை ஓடுகள் அங்கே கிடைத்தன. மண்பாண்டம் மட்டுமே நமக்கு உரியதென்றும் எழுத்து நமக்கு ஆகாதென்றும் தடை போட்ட அதே சீமையில், மண்பாண்டத்தின் மேலேயே எழுத்து கிடைத்ததை என்னென்பது!

என்னிடம் தலைப்புக் கேட்போருக்கு யான் முதலிற் சொல்வது ஹட்டனின் அந்தப் பக்கத்தைத்தான். எட்டுத் தடை விதித்து ஆறு திங்கள் கழிவதற்குள் ஏன் மீண்டும் கூடிப் பதினொன்று விதிக்க வேண்டும்? எட்டுக்கும் நம்மவர் பணியவில்லை என்பதே அதன் பொருள். ஹட்டனும் அவ்வாறே குறிக்கின்றார். குடிசை எரிந்த பிறகும் யாரோ ஒருவர் சட்டை அணிந்திருக்கின்றார். யாரோ ஒருத்தி பித்தளைக் குடத்தோடு நீருக்குச் சென்றிருக்கின்றாள். யாரோ ஒரு தகப்பன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியிருக்கின்றான். எந்த ஊர், எவர் வீடு, வழக்கு எந்த நீதிமன்றத்தில் நடந்தது என்பவை அப்பக்கத்தில் இல்லை. அன்று 10 வயதில் அதனைக் கண்டவர் இன்று நம்மிடையே இலர். அவர்தம் வாயாற் கேட்ட மக்களும் பேரரும் நம் தெருக்களில் இன்னும் இருக்கின்றனர். அவர்களுக்கும் வயது எண்பதை நெருங்குகிறது. வரும் கோடை விடுமுறையில் ஒரு குறிப்பேட்டுடன் சென்று, திண்ணையில் அமராது அவர்கள் வீட்டு வாயிலில் அமர்ந்து கேட்கத் துணிவோர் என்னை வந்து பார்க்கலாம். எந்த ஊரில் யாரை முதலிற் கேட்பது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கின்றேன்.