வீடு விற்பனையும் அகற்றப்படும் சின்னங்களும் (அமெரிக்கா)

அமெரிக்காவில் ஒரு வீட்டை விற்பனைக்கு விடுவதற்கு முன், சுவரில் உள்ள குடும்பப் படங்கள், பட்டச் சான்றிதழ்கள், சிலுவை, கடவுள் உருவங்கள் முதலியவற்றை எடுத்துப் பெட்டியில் கட்டி வைத்துவிடுவது பரவலான வழக்கம். வீட்டுத் தரகர்கள் இதை ‘டிபர்சனலைசிங்’ என்பர். வசிப்பவர் யார் என்பது தெரியாதபடி வீட்டை ஆக்குதல் என்பது இதன் பொருள். ‘ஹோம் ஸ்டேஜிங்’ எனப்படும் விற்பனை ஒப்பனையில் இது முதல் வேலையாகக் கருதப்படுகிறது.

தோற்றம்

விற்பனை ஒப்பனையை ஒரு தொழிலாக்கியவர் என அறியப்படுபவர் பார்ப் சுவார்ட்ஸ். சியாட்டில் பகுதியில் வீட்டுத் தரகராக இருந்த இவர் 1972இல் இம்முறையைத் தொடங்கினார். நாடக அரங்கோடு பழக்கம் உடையவர். வீட்டை மேடையாகவும் வாங்க வருபவரைப் பார்வையாளராகவும் கொண்டு ‘ஸ்டேஜிங்’ என்னும் சொல்லைக் கையாண்டார். அடுத்தவர் வீட்டுத் திருமணப் படத்தைப் பார்த்துக்கொண்டே அந்தக் கூடத்தில் தம் குடும்பத்தைக் கற்பனை செய்ய ஒருவரால் முடியாது என்பதே தரகர்கள் சொல்லும் காரணம். இது நியாயமானதே. ஆனால் சமயச் சின்னங்களைப் பொறுத்தவரை இன்னொரு காரணமும் உண்டு. அதற்குச் சற்றுப் பின்னால் செல்ல வேண்டும்.

சட்டப் பின்னணி

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில், கறுப்பினத்தவருக்கோ யூதருக்கோ ஆசியருக்கோ வீட்டை விற்கக் கூடாது என்ற நிபந்தனை கிரயப் பத்திரத்திலேயே எழுதப்பட்டது. சியாட்டில் நகரின் பத்திரங்களிலும் இத்தகைய வரிகள் உள்ளன. இன அடிப்படையிலான இந்நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்த முடியாது என்று 1948இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, நியாய வீட்டுவசதிச் சட்டம் கையெழுத்தானது. இனம், நிறம், சமயம், பூர்வீக நாடு ஆகியவற்றின் பெயரால் வீடு விற்க மறுப்பதும் விளம்பரத்தில் விருப்பு வெறுப்புக் காட்டுவதும் குற்றமாயின.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இச்சட்டம் விற்பவரையும் தரகரையும் கடன் கொடுப்பவரையும் கட்டுப்படுத்துகிறது. வாங்க வருபவரை அது கட்டுப்படுத்துவதில்லை. சுவரில் உள்ள ஒரு படத்தைப் பார்த்து முகம் சுளித்து ஒருவர் வெளியேறினால் அதைக் கேட்பாரில்லை. எனவே விற்பவர் தம் சமயத்தை மறைத்துக்கொள்வதே வழியாகிப் போனது.

மெசூசா

இவ்வறிவுரை மிகவும் சிக்கலாவது யூதர் வீடுகளில். உபாகம நூலின் இரு பகுதிகளைத் தோல்சுருளில் கையால் எழுதி, சிறு கூட்டில் வைத்து, வலப்புறக் கதவுநிலையில் பொருத்துவர். இதுவே மெசூசா. பலர் இதைச் சற்றுச் சாய்வாகப் பொருத்துவர். அது நெடுநாள் இருந்த கதவுநிலையில், கழற்றிய பின்னும் அந்தச் சாய்ந்த தடம் தெரியும். அங்கே வசிக்கும்வரை அது இருக்க வேண்டும் என்பது சமயக் கடமை. காலி செய்து போகும்போது என்ன செய்வது என்பதையும் தால்மூத் பேசுகிறது: அடுத்து வருபவர் யூதரானால் கழற்றக் கூடாது, அல்லாதார் எனில் எடுத்துச் செல்லலாம். ஆக, ‘வீடு காட்டும்போது மட்டும் கழற்றுங்கள்’ என்று தரகர் சொல்லும் எளிய வார்த்தை அவர்களுக்கு எளியதன்று.

சிகாகோவின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், நடைவழியில் எப்பொருளும் இருக்கக் கூடாது என்ற விதியைக் காட்டி, நிர்வாகம் 2004இல் மெசூசாவைக் கழற்றியது. வழக்கு நெடுநாள் நடந்தது. சமயப் பாகுபாடு இருந்ததா என்பதை விசாரிக்க வேண்டும் என்று 2009இல் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது.

கத்தோலிக்கரிடையே இதற்கு நேர்மாறான வேடிக்கை ஒன்று உண்டு. வீடு விரைவில் விற்க வேண்டும் என்று புனித சூசையப்பர் சிலையைத் தோட்டத்தில் தலைகீழாகப் புதைப்பர். இதற்கெனச் சிலையோடு கூடிய சிறு பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. உள்ளே சுவரிலிருந்து சிலுவை இறங்கும். வெளியே மண்ணுக்குள் புனிதர் இறங்குவார்.

மதிப்பீட்டில் வேறுபாடு

படங்களை எடுப்பது அழகுக்காக மட்டுமன்று என்பதைக் காட்டிய நிகழ்ச்சி கலிபோர்னியாவின் மரின் சிட்டியில் நடந்தது. 2020இல் ஒரு கறுப்பினத் தம்பதியர் மறுகடனுக்காக வீட்டை மதிப்பிடச் செய்தபோது 9,95,000 டாலர் என்று வந்தது. பிறகு தம் குடும்பப் படங்களையும் ஆப்பிரிக்கக் கலைப்பொருள்களையும் அகற்றினர். வெள்ளையினத் தோழி ஒருவர் தம் குடும்பப் படங்களை அங்கே வைத்து, வீட்டுக்காரராக நின்றார். வேறொரு மதிப்பீட்டாளர் குறித்த மதிப்பு 14,82,500 டாலர். வீடு அதேதான். தம்பதியர் வழக்குத் தொடுத்தனர்; முதல் மதிப்பீட்டாளருடன் 2023இல் உடன்பாடு ஏற்பட்டது. இதற்கிடையே, 2021இல் வீட்டு மதிப்பீட்டில் உள்ள பாகுபாட்டை ஆராயக் கூட்டரசு ஒரு பணிக்குழுவை அமைத்தது.

வாங்குபவர் கடிதங்கள்

விற்பவர் தம் படங்களை ஒளிக்க, வாங்குபவரோ தம் படத்தை அனுப்பும் வழக்கமும் வளர்ந்தது. போட்டி மிகுந்த இடங்களில், ‘இந்தக் கணப்பருகே கிறிஸ்துமஸ் கொண்டாடுவோம்’ என்ற வகையில் குடும்பப் படத்தோடு வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதுவர். இனமும் சமயமும் இதில் தெரிந்துவிடுவதால், இத்தகைய கடிதங்களைத் தரகர் கொண்டு சேர்ப்பதைத் தடுத்து ஒரிகன் மாநிலம் 2021இல் சட்டம் இயற்றியது. அது 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வர இருந்தது. பேச்சுரிமைக்கு முரணானது என்ற வாதத்தை ஏற்று, அதே ஆண்டு மார்ச்சில் கூட்டரசு நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது.