அச்சுக்கோப்பிலிருந்து செயற்கை நுண்ணறிவு வரை: சிங்கப்பூர்த் தமிழ் வரைகலைத் தொழிலில் எழுத்தும் வாசிப்பும்

சிங்கப்பூரில் தமிழ் வரைகலைத் தொழிலின் வரலாற்றை, எழுத்தைப் பக்கத்தில் அமைப்பவருக்கும் அதைப் படிக்கத் தெரிந்தவருக்கும் இடையே படிப்படியாக அகன்று வந்த தொலைவின் வரலாறாகக் காணலாம். 1887இல் மகுதூம் சாயபு தொடங்கிய ‘சிங்கை நேசன்’ வார இதழின் அச்சகத்திலும், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ இதழின் அச்சுக்கூடத்திலும், எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கியவர் தமிழ் அறிந்தவராக இருந்தே ஆகவேண்டியிருந்தது. பிழை நேர்ந்தாலும் அது படிக்கத்தக்க பிழையாக இருந்ததால், மெய்ப்புத் திருத்துபவரின் கண்ணுக்குத் தப்புவது அரிது.

கணினி இந்த நிலையை மாற்றியது. 1984இல் மெக்கின்டாஷ் கணினியும் அதற்கு அடுத்த ஆண்டில் பேஜ்மேக்கர் மென்பொருளும் வெளிவந்து, எழுத்தையும் படத்தையும் ஒரே திரையில் அடுக்கும் முறை பரவியபோது, தமிழுக்கான கருவிகளைப் பெரும்பாலும் தமிழர்களே உருவாக்க வேண்டியிருந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளையும், சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி ‘கணியன்’ முறையையும் அளித்தனர். தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த கோவிந்தசாமியும் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீயும் பங்காற்றிய முயற்சியால், 1995 அக்டோபரில் நான்கு மொழிகளிலான சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பொன்று இணையத்தில் ஏறியபோது, தமிழும் அதில் இடம்பெற்றது. 1997இல் தமிழ் இணைய மாநாடு இந்நகரிலேயே நடந்ததை இதன் தொடர்ச்சியாகக் கருதலாம். பிற்காலத்தில் வந்த கருவிகள் பலவற்றுக்கு இவ்வளவு நெருக்கமான தமிழ்க் கைகள் வாய்க்கவில்லை.

ஆனால் ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என நான்கு ஆட்சிமொழிகளும் ஒரே சுவரொட்டியில் இடம்பெறும் நகரத்தில், பக்கத்தை அமைப்பவர் பல வேளைகளில் தமிழ் அறியாதவர். மொழிபெயர்ப்பாளர் அனுப்பிய வரியை அவர் நகலெடுத்து ஒட்டுவார். பிழை இந்த இடத்தில்தான் நுழைந்தது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறி முறையில் ‘கெ’ என்பது மெய்யும் அதற்குப் பின் உயிர்க்குறியுமாகவே சேமிக்கப்படுகிறது. குறியை இடப்பக்கம் நகர்த்திக் காட்டுவது மென்பொருளின் பொறுப்பாகும். பக்க அமைப்பு மென்பொருளான இன்டிசைன், 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்பில்தான் இந்திய எழுத்துமுறைகளுக்கு ஆதரவு தரத் தொடங்கியது. அதன் பின்னரும் அதற்குரிய அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால், ஒற்றைக்கொம்பு இடம் மாறிப் புள்ளி வட்டத்தோடு நின்றது. தமிழ் படித்தவருக்கு நொடியில் தெரியும் இப்பிழை, அச்சுக்கு ஒப்புதல் அளித்தவருக்குத் தெரியவில்லை. அச்சகத்துக்கு அனுப்பும் முன் தமிழ் எழுத்துகளை வெறும் கோட்டுருவங்களாக மாற்றிவிடும் ‘அவுட்லைன்’ வழக்கம், எழுத்து இடம் மாறிவிடுமோ என்ற அச்சத்துக்கும் விடையாக இருந்தது.

2022இல் மிட்ஜர்னியும் ஸ்டேபிள் டிஃபியூஷனும், 2023இல் அடோபியின் ஃபயர்ஃபிளையும் எனப் படம் வரையும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தபின் பிழையின் இயல்பே மாறியது. இவற்றுள் பலவற்றுக்கு அடிப்படையான பரவல் மாதிரி, இரைச்சலாகச் சிதைக்கப்பட்ட படத்தைப் படிப்படியாகத் தெளிவாக்கக் கற்ற கணிப்பு முறையாகும். எழுத்தை அது எழுத்தாக அறியாமல், கோடும் வளைவும் கூடிய தோற்றமாகவே அறிகிறது. எனவே தீபாவளிச் சுவரொட்டிக்குக் கோலமும் குத்துவிளக்கும் குறையின்றி வரைந்து தரும் கருவி, அதன் மேல் தமிழ்போலத் தோன்றினாலும் தமிழாகாத உருவங்களையும் வரைந்துவிடக் கூடும். முந்தைய பிழையில் சரியான எழுத்துகள் தவறான வரிசையில் நின்றன. இதிலோ எழுத்தே இல்லை. புதிய மாதிரிகள் ஆங்கிலத்தைப் பெருமளவு திருத்தமாக எழுதத் தொடங்கியிருப்பது தமிழுக்கும் நம்பிக்கை தரலாம். ஆனால் எழுத்து திருந்திய பிறகும் பொருள் பிழைத்திருந்தால், தமிழ் அறியாத அமைப்பாளர் அதைக் காண வழியில்லை.

சிராங்கூன் சாலையின் நகைக்கடை, துணிக்கடை விளம்பரங்களும் திருமண அழைப்பிதழ்களும் இக்கருவிகளால் தொழிலுக்கு நேரும் பாதிப்பை உணர உதவும். பின்னணி, அலங்காரப் படம், புகைப்படச் செப்பனிடல் ஆகிய தொடக்க நிலை வேலைகளே கருவியின் கைக்கு முதலில் எட்டுபவை. இளம் வடிவமைப்பாளர் தொழில் பழகியதும் இவற்றில்தான். மூத்தோரிடம் எஞ்சும் எழுத்தமைப்பும் மெய்ப்பும், கட்டணப் பட்டியலில் தனி வரியாக எழுதப்படாமல் இதுகாறும் வேலையோடு சேர்ந்தே போனவை.

சட்டத்தின் நிலையும் கவனத்துக்குரியது. 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த சிங்கப்பூரின் பதிப்புரிமைச் சட்டம், சட்டப்படி அணுகக்கூடிய படைப்புகளைக் கணினிவழித் தரவுப் பகுப்பாய்வுக்காக, வணிக நோக்கத்திலும்கூட, உரிமையாளரின் இசைவின்றி நகலெடுக்க இடமளிக்கிறது. ஒப்பந்தத்தின் மூலம் இதைத் தடுக்கவும் இயலாது. பிற மொழிகளின் ஓவியர்கள் தம் படைப்புகளை இக்கருவிகள் அளவுக்கு மீறிக் கற்றதாக முறையிடுகையில், தமிழ்ச் சுவரொட்டிகளோ தரவுத் திரட்டுகளில் அரிதாகவே உள்ளன. 2023 டிசம்பரில் தேசியச் செயற்கை நுண்ணறிவுத் திட்டமான ஏஐ சிங்கப்பூர் வெளியிட்ட ‘சீ-லயன்’ மொழி மாதிரி தமிழையும் உள்ளடக்கியிருந்தாலும், அது உரையைக் கையாள்வதேயன்றி எழுத்தை வரைவதன்று. தமிழைத் திருத்தமாக வரையும் கருவியை விரும்பும் வடிவமைப்பாளர், அதற்குத் தம் பல்லாண்டு வேலையையே பயிற்சிப் பொருளாகத் தரவேண்டியிருக்கும். அவ்வேலை சட்டப்படி அணுகக்கூடியதாக இருந்தால், அதை நகலெடுப்பதற்கு விலை கேட்கும் உரிமையை இச்சட்டம் அவருக்கு விட்டுவைக்கவில்லை.