நாரில் ஏறிய மணம்

திருவண்ணாமலைக் கோயில் வாசலில் பூத்தொடுப்பவர் கையில் இருப்பது வெறும் வாழைநார். பூவை உருவிவிட்டாலும் கொஞ்ச நேரம் அந்த நார் மணக்கும். வினை மனதில் எப்படித் தங்குகிறது என்ற கேள்விக்குப் பௌத்தர்களும் இந்த மணத்தைத்தான் காட்டினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர், வாசனை.

இந்த ஊருக்கு அது பழகிய சொல். 1896 செப்டம்பர் 1 அன்று இங்கு வந்துசேர்ந்த ரமணரிடம் சிவப்பிரகாசம் பிள்ளை சில ஆண்டுகள் கழித்துக் கேட்ட கேள்விகள் ‘நான் யார்?’ என்ற நூலாயின. விஷய வாசனைகளை ஒழிப்பதுபற்றி அதில் ரமணர் பேசுகிறார்.

அவருக்குச் சுமார் 1,300 ஆண்டுகள் முன்பே இதே சொல்லை வைத்து வாதிட்டவர், பக்கத்துக் காஞ்சிபுரத்தில் பிறந்த தர்மபாலர். அமைச்சர் மகன், திருமணம் நடக்கவிருந்த வேளையில் வீட்டைவிட்டுப் போய்ப் பௌத்தத் துறவியானார் என்கிறார் சீன யாத்ரீகர் யுவான் சுவாங். பின்னாளில் நாலந்தாவுக்கே தலைவரானார்.

வினை என்று புத்தர் சொன்னது எண்ணத்தை, அதாவது சேதனையை. ஆனால் ஆன்மாவே இல்லையென்றால் இன்று செய்த வினை எங்கே போய்க் காத்திருக்கும்?

‘ஆலய விஞ்ஞானத்தில்’ என்றது பௌத்த அறிஞர் வசுபந்து வழிவந்த யோகாசாரப் பள்ளி. இங்கே ஆலயம் என்றால் கோயில் அல்ல, களஞ்சியம். ஒவ்வொரு செயலும் அதில் வாசனையாக ஏறி ஒரு வித்தை இடுகிறது. காலம் வந்தால் அந்த வித்து உணர்வாக முளைக்கிறது. பொய் சொல்லியே பழகியவருக்கு எதிராளி பேச்சும் பொய்யாகப் படுவது இப்படித்தான். களஞ்சியம் என்றாலும் அது நிலையானதல்ல. ஆற்று நீர்போல நொடிக்கு நொடி மாறி ஓடுவது. வித்துகள் எல்லாமே புதிதாக விழுந்தவையா, சில தொடக்கமே இல்லாமல் இருப்பவையா என்று சர்ச்சை எழுந்தது. இரண்டும் உண்டு என்றார் தர்மபாலர்.

தமிழில் மணிமேகலையும் இந்தப் பக்கம் வந்திருக்கிறது. காஞ்சியில் அறவண அடிகள் சொல்லும் பன்னிரு சார்புகளில் பேதைமை சார்ந்து செய்கை, செய்கை சார்ந்து உணர்வு.

ஆனால் முடிவில் வழி பிரிகிறது. வாசனை அழிந்தால் ஆன்மா விளங்கும் என்பது ரமணர் பக்கம். அப்படி மிஞ்சுவதற்கு ஓர் ஆன்மா கிடையாது என்பது தர்மபாலர் பக்கம்.

வசுபந்துவின் முப்பது பாடல்களுக்குத் தர்மபாலர் எழுதிய உரையின் வடமொழி மூலம் இன்றில்லை. அவருடைய மாணவர் சீலபத்திரரிடம் படித்த யுவான் சுவாங், அதன் கருத்துகளை 659இல் சீனத்தில் தொகுத்தார். காஞ்சி காமாட்சியம்மன் கோயிலில் இருந்த புத்தர் சிலை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. தர்மபாலரின் வழிவந்த ஹொஸ்ஸோ மரபோ ஜப்பானின் நாரா நகரத்துக் கொஃபுகுஜி கோயிலில் இன்றும் இருக்கிறது.