மழைக்கும் தொலைவுக்கும் ஏற்ப மாறும் விண்கல வானொலித் தொடர்பு

திருவனந்தபுரம் நகரின் ஸ்ரீவராகம் பகுதிக்கு நேர் மேலே, 500 கி.மீ. உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் கடந்து செல்வதாகக் கொள்வோம். அது தொடுவானில் எழும்போது அங்கிருந்து ஏறத்தாழ 2,570 கி.மீ. தொலைவில் இருக்கும். தொலைவு ஐந்து மடங்கு என்பதால், உச்சியில் இருக்கும்போது கிடைக்கும் சமிக்ஞையில் ஏறத்தாழ 25-இல் ஒரு பங்கே அப்போது தரைக்கு வந்து சேரும். எழுந்து மறையும் வரை கிடைக்கும் நேரமோ சுமார் 11 நிமிடங்கள். நடைமுறையில் சில பாகை மேலெழுந்த பின்னரே தரவைப் பெற முடியும் என்பதால் அதுவும் குறையும்.

தரவை ஒரே வேகத்தில் அனுப்பினால், மிக மோசமான நிலைக்கு ஏற்பவே அந்த வேகத்தை நிர்ணயிக்க வேண்டும். செயற்கைக்கோள் தலைக்கு மேல் வரும்போது உள்ள கூடுதல் திறன் வீணாகும். இதைத் தவிர்க்கவே தகவமைப்புத் தொடர்பு முறை பயன்படுகிறது. சமிக்ஞை வலுவாக இருக்கையில் ஒரு குறியீட்டில் 5 பிட்கள் வரை ஏற்றப்படும். நலிந்தால் 2 பிட்கள் மட்டுமே. பிழை திருத்தத்துக்கான கூடுதல் பிட்களின் அளவும் மாறும். டிவிபி-எஸ்2 தரநிலையில் அனுப்பப்படும் பிட்களில் உண்மையான தரவின் பங்கு கால் பகுதி முதல் பத்தில் ஒன்பது வரை அமையலாம்.

வேகத்தை மாற்றுவதைவிட, எப்போது மாற்றுவது என்பதை அறிவதே கடினம். தொலைவு சுற்றுப்பாதையைப் பொறுத்தது; அதை முன்கூட்டியே கணக்கிட்டு அட்டவணையாக ஏற்றிவிடலாம். மழை அப்படியல்ல. 2 கிகாஹெர்ட்ஸ் அளவிலான எஸ் அலைவரிசையை அது பெரிதாகப் பாதிப்பதில்லை. 20 கிகாஹெர்ட்ஸ் அளவிலான கேஏ அலைவரிசையைக் கடுமையாகப் பாதிக்கும். ஜூன் மாதத் தென்மேற்குப் பருவமழையும் பின்னர் வடகிழக்குப் பருவமழையும் பெறும் கேரளக் கடற்கரையில் இது சிறிய சிக்கலன்று. அங்கு, பெறும் நிலையம் சமிக்ஞையை அளந்து அனுப்பும் முனைக்கு உடனுக்குடன் தெரிவிக்க வேண்டும். புவிநிலைச் செயற்கைக்கோள் வழியே அத்தகவல் சென்றடைய ஏறத்தாழ கால் விநாடி ஆகும். மழையின் போக்கைப் பின்தொடர அது போதும்.

செவ்வாய் கிரகத்தில் இம்முறை எடுபடாது. 2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் அதன் சுற்றுப்பாதையை அடைந்தபோது, சமிக்ஞை பூமிக்கு வர ஏறத்தாழ 12.5 நிமிடங்கள் ஆயின. சமிக்ஞை நலிந்ததை பெங்களூரு அருகே பையாலாலுவில் உள்ள 32 மீட்டர் ஆன்டெனா கண்டறிந்து கட்டளை அனுப்பினாலும், விண்கலம் அதைப் பெறுவதற்குள் 25 நிமிடங்கள் கடந்திருக்கும். எனவே, தொலைதூரப் பயணங்களில் தரவு வேகம் முன்கூட்டியே திட்டமிடப்படுகிறது. 2015 ஜூனில் பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே சூரியன் வந்தபோது, ஏறத்தாழ இரு வாரங்கள் எந்த வேகமும் உதவவில்லை. தன்னிச்சையாக இயங்கும் வகையில் முன்பே நிரலாக்கப்பட்டிருந்த மங்கள்யான், அந்நாட்களைத் தனித்தே கடந்தது.